உடல் ஓர் அமானிதம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

ஆண்டுப் பொதுக்கூட்டம் என்றால் வரவு செலவு, பள்ளிவாசல் பராமரிப்பு, மத்ரஸாவின் வளர்ச்சி ஆகியவற்றைப் பேசுவது வழக்கம். அவை யாவும் அறிக்கையில் இடம்பெற்றுள்ளன. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் வேறு. அது உடல் பருமன். இது மருத்துவமனையில் பேச வேண்டியதாயிற்றே, பள்ளிவாசலில் இதற்கென்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். பள்ளிவாசலின் தொழுகை வரிசைகளைச் சற்றே கவனித்தால் அந்த ஐயம் தீர்ந்துவிடும்.

முன்பெல்லாம் முதுமையால் தளர்ந்த ஓரிருவருக்காக ஒரு மூலையில் கிடந்தது நாற்காலி. இன்று பல ஊர்ப் பள்ளிகளில் வரிசையின் இரு முனைகளிலும் நாற்காலிகள் நிரம்பி நிற்கின்றன. அவற்றில் அமர்வோருள் ஐம்பது வயதைத் தாண்டாதவர்களும் உள்ளனர். ருகூஉ, ஸுஜூது செய்ய இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் சலுகை அளித்துள்ளது. அதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. முழங்கால் தேய்மானத்திற்கு வயது, அடிபட்ட காயம், பரம்பரை எனக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் அவற்றுள் நம் கைக்கு எட்டும் காரணம் ஒன்று இருக்கிறது. அதுவே உடல் எடை. ஒரு கிலோ எடை குறைந்தால், நாம் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது இறங்கும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்று ஆய்வாளர்கள் அளந்து கூறியுள்ளனர். நெற்றியைத் தரையில் வைக்கும் பாக்கியத்தை நாம் இழப்பதற்கு எடையும் ஒரு காரணமாகுமாயின், அது பள்ளிவாசலில் பேசவேண்டிய பொருளே.

இது நம் ஊரின் கதை மட்டுமன்று. மத்திய அரசின் தேசியக் குடும்பநல ஆய்வு 2015-16ஆம் ஆண்டில் தமிழகத்தில் அளந்தபோது, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 30.9 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடை உடையவர்களாக இருந்தனர். 2019-21ஆம் ஆண்டுகளின் ஆய்வில் அது 40.4 விழுக்காடாக உயர்ந்தது. ஆண்களில் 28.2 விழுக்காடாக இருந்தது 37 விழுக்காடாயிற்று. அதே ஆய்வில் நாடு முழுவதற்குமான கணக்கு பெண்களில் 24 விழுக்காடு, ஆண்களில் 22.9 விழுக்காடு மட்டுமே. அதாவது, தமிழகத்தில் பத்துப் பெண்களை நிறுத்தினால் அவர்களுள் நால்வர் இக்கணக்கில் வருகின்றனர். ஐந்தாண்டு இடைவெளியில் இத்தகைய ஏற்றம் என்பது தனிமனிதர் சிலரின் நாக்கு ருசியால் மட்டும் விளைந்திருக்க முடியாது. வாழும் முறையே மாறிவிட்டது என்பதன் அடையாளம் அது.

எடை கூடியிருப்பதை அறிவது எவ்வாறு? கிலோ கணக்கிலான எடையை, மீட்டர் கணக்கிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். உலக அளவில் அது 25ஐத் தொட்டால் கூடுதல் எடை என்றும், 30ஐத் தொட்டால் பருமன் என்றும் கொள்வர். நம் நாட்டு மருத்துவர்களோ 23இலேயே எச்சரிக்கை செய்கின்றனர்; 25ஐத் தொட்டாலே பருமன் என்கின்றனர். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு 59 கிலோவில் எச்சரிக்கையும் 64 கிலோவில் பருமனும் தொடங்குகின்றன. ஏன் இந்த வேறுபாடு? ஒரே எடையுள்ள ஐரோப்பியரைக் காட்டிலும் நம்மவர் உடலில் கொழுப்பு மிகுதி, தசை குறைவு. அக்கொழுப்பும் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படிவதே அதிகம். கை கால்கள் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளியிருப்போரை நாம் பருமனானவர் என்று சொல்வதில்லை. மருத்துவர் சொல்கிறார்.

ஆகவே எடைக்கருவி இல்லாத வீட்டிலும் ஒரு தையல் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் சுற்றி அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. அதைத் தாண்டினால் மருத்துவரை அணுக வேண்டும்.

வயிற்றுக்குள் படிந்த கொழுப்பு, சேமித்து வைத்த மூட்டையைப் போலச் சும்மா கிடப்பதில்லை. அது இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. அதனால் சர்க்கரை நோய் வருகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது, கல்லீரலில் கொழுப்பு சேர்கிறது, இதயத்தின் இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. உறக்கத்தில் மூச்சுத் தடைப்பட்டு உரத்த குறட்டை எழுகிறது. மாதவிலக்கு முடிந்த பெண்களின் மார்பகப் புற்றுநோய் உட்படச் சிலவகைப் புற்றுநோய்களுக்கும் பருமன் வழிவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதன்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயாளிகள். தமிழகத்தில் 20 வயதைக் கடந்தோரில் 14.4 விழுக்காட்டினர். வயிற்றுப் பருமன் உடையோர் நாடு முழுவதிலும் 39.5 விழுக்காட்டினர். குடும்பத்தின் வருமானம் இருபது, முப்பது ஆண்டுகள் மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் போய்க்கொண்டிருப்பதன் வேதனை, அதைச் சுமக்கும் ஏழைக்குத்தான் தெரியும்.

அன்பிற்குரியவர்களே! இந்நிலை எங்கிருந்து வந்தது? அம்மியும் ஆட்டுக்கல்லும் உலக்கையும் நம் அடுக்களைகளில் இருந்து விடைபெற்றன. 2011ஆம் ஆண்டு தொடங்கிய அரசுத் திட்டத்தின் வழியாக மிக்சியும் கிரைண்டரும் ஏழை வீடுகளையும் எட்டின. பெண்களின் முதுகு ஒடிந்த உழைப்பு குறைந்தது நல்லதே. அதற்காக வருந்த வேண்டியதில்லை. ஆனால் குறைந்த உழைப்புக்கு ஏற்ப உணவு குறையவில்லை. கூப்பிடு தூரத்துக் கடைக்கும் இருசக்கர வாகனத்தில் செல்கிறோம். தீட்டிய வெள்ளை அரிசி மூன்று வேளையும் தட்டில் அமர்ந்துள்ளது. இரவானால் பரோட்டாவும் சால்னாவும் வந்துவிடுகின்றன. வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் பிள்ளைகள் நாள் முழுவதும் வாகனத்திலும் கடையிலும் அமர்ந்திருந்து, அறைக்குத் திரும்பி நள்ளிரவில் உண்டு, குளிர்பானத்தோடு உறங்குகின்றனர். ஊர் திரும்பும்போது பெட்டியோடு சர்க்கரை நோயையும் கொண்டு வருகின்றனர்.

பருமன் செல்வந்தரின் நோய் என்ற எண்ணமும் இனிச் செல்லாது. மைதாவும் சீனியும் எண்ணெயும் மலிவாக வயிற்றை நிரப்புகின்றன. பழமும் காய்கறியும் மீனும் பருப்பும் விலை கூடியவையாக நிற்கின்றன. குறைந்த காசில் பசியாற்ற வேண்டிய குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இவ்விடத்தில் மார்க்கம் நமக்கு என்ன கற்பிக்கிறது? உண்ணுங்கள், பருகுங்கள் என்று அனுமதி தரும் திருமறை வசனம் (7:31), அதனுடனேயே வீண் விரயத்தையும் தடுத்துவிடுகிறது. ஆதமுடைய மகன் நிரப்பும் பாத்திரங்களுள் வயிற்றைவிடக் கெட்டது வேறில்லை என்றும், முதுகை நிமிர்த்தும் அளவுக்குச் சில கவளங்களே போதும் என்றும், அதற்கு மேல் வேண்டுமாயின் உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் வயிற்றை மூன்றாகப் பங்கிட வேண்டும் என்றும் நபிகளார் (ஸல்) அறிவுறுத்தியதைத் திர்மிதீயில் காண்கிறோம். இரவெல்லாம் வணங்கிப் பகலெல்லாம் நோன்பு நோற்ற அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உம் உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நாயகம் (ஸல்) நினைவூட்டியதைப் புகாரீ பதிவு செய்துள்ளது. வணக்கத்தின் பெயராலேயே உடலின் உரிமையைப் பறிக்கக் கூடாது எனும்போது, விருந்தின் பெயரால் பறிப்பது எங்ஙனம் தகும்? உடல் நம் சொத்தன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

ஆயினும் இந்தப் போதனைகளை எடுத்துக்கொண்டு பருத்த உடலினரைக் குத்திக்காட்டக் கிளம்புவோருக்கு ஒரு வார்த்தை. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகாசம் செய்வதைத் திருமறை (49:11) தடுத்துள்ளது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோது, அக்கால்கள் மறுமையின் தராசில் உஹது மலையினும் கனமானவை என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். மெலிந்தவரைச் சிரித்தாலும் பருத்தவரைச் சிரித்தாலும் குற்றம் ஒன்றே. பரம்பரை, தைராய்டு சுரப்பியின் குறை, சில மருந்துகளின் விளைவு, பிரசவம், மனக்கவலை, உறக்கமின்மை எனப் பருமனுக்குப் பின்னால் பல காரணங்கள் நிற்கின்றன. திருமண வீட்டில் ஒரு பெண்ணைப் பார்த்து, 'என்ன இப்படிப் பெருத்துவிட்டாய்' என்று பலர் முன்னிலையில் கேட்பதால் அவளுடைய எடை ஒரு கிராமும் குறைவதில்லை. அவள் அடுத்த விருந்துக்கு வராமல் போவதும், மருத்துவரிடம் செல்லக் கூசுவதுமே மிச்சம்.

இப்போது நாம் இவ்வுரையின் மையத்திற்கு வருகிறோம். முன்சொன்ன கணக்கில் ஆண்களை விடப் பெண்களே அதிகம் என்பதைக் கண்டோம். அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் சென்றால் அவர் எழுதித் தருவது என்ன? நாள்தோறும் நடக்க வேண்டும் என்பதே. வாரத்திற்கு 150 நிமிடம், அதாவது நாளொன்றுக்கு அரை மணி நேரம் வீதம் ஐந்து நாட்கள், சற்று மூச்சு வாங்கும் அளவுக்கு நடப்பது குறைந்தபட்சத் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. அந்தச் சீட்டை வாங்கி வரும் நம் வீட்டுப் பெண் எங்கே நடப்பாள்?

தெருவில் நடந்தால் திண்ணையில் இருப்போர் பேசுகின்றனர். கடற்கரைக்கோ பூங்காவுக்கோ சென்றால் துணைக்கு ஆள் வேண்டும். மொட்டை மாடியில் நடந்தால் அடுத்த வீட்டார் கேட்கின்றனர். தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அமைத்தது. ஆண்கள் விரும்பினால் அங்குச் செல்லலாம். ஃபஜ்ர் தொழுத பின் கூட்டமாக நடக்கும் இளைஞர்களையும் பார்க்கிறோம், மகிழ்கிறோம். ஆனால் முதல் பிரசவத்தில் கூடிய எடை இறங்குமுன் இரண்டாம் பிரசவம், பிள்ளைகள் மிச்சம் வைத்ததையும் வீணாகக் கூடாதென்று தானே உண்ணும் பழக்கம், நான்கு சுவருக்குள் அடங்கிய நாள் என்றிருக்கும் தாய்க்கு அந்த வழி திறக்கவில்லை. மருந்தை எழுதித் தந்துவிட்டு மருந்துக்கடையைப் பூட்டி வைத்த கதைதான் இது. பூட்டுப் போட்டவர்கள் வேறெவருமல்லர்; இந்த ஊராராகிய நாமே.

பெண்கள் நடைப்பயிற்சி செய்வது நம் பண்பாட்டுக்கு உகந்ததா என்று பெரியவர்கள் சிலர் வினவுகின்றனர். அவர்களுடைய பேணுதலை நாம் மதிக்கிறோம். அவர்கள் முன் ஒரு நபிமொழியை மட்டும் வைக்கிறோம். ஒரு பயணத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். அன்னையே முந்தினார்கள். பின்னொரு காலத்தில் அன்னையின் உடலில் சதை போட்டிருந்தபோது மீண்டும் ஓடினார்கள். இம்முறை நாயகம் முந்தினார்கள். அதற்கு இது ஈடாயிற்று என்று கனிவோடு சொன்னார்கள். அபூதாவூதில் இடம்பெற்ற இச்செய்தியை அறிவிப்பவர் அன்னை ஆயிஷாவே. எடை கூடிய மனைவியிடம் நாயகம் (ஸல்) குறை கூறவில்லை, பரிகசிக்கவில்லை, உடன் ஓடினார்கள். கணவர்மார்களே, நம்மில் எத்தனை பேர் மனைவியுடன் தெருமுனை வரையேனும் சேர்ந்து நடந்திருக்கிறோம்? ஒழுக்கமும் உடையும் பேணி, பாதுகாப்பான இடத்தில் ஒரு பெண் தன் உடல் நலத்துக்காக நடப்பதைத் தடுக்க நம்மிடம் மார்க்க ஆதாரம் எதுவும் இல்லை. ஊர் வழக்கம் என்பது மட்டுமே இருக்கிறது.

அடுத்தது நம் விருந்துகள். வலீமா கொடுப்பது சுன்னத். ஒரு சஹனைச் சுற்றி அமர்ந்து பகிர்ந்துண்பதில் ஏற்றத்தாழ்வு மறைகிறது. அந்த அழகிய வழக்கம் தொடர வேண்டும். ஆனால் போதும் என்று கையை விரித்தவரின் விரல்களுக்கு இடையிலும் அள்ளி வைப்பதை உபசாரம் என்று யார் நமக்குச் சொன்னது? பிரியாணி, தாளிச்சா, கோழிப் பொரியல், அதன்மேல் இனிப்பு, அதன்மேல் ஐஸ்கிரீம், அதன்மேல் குளிர்பானம் என்று அடுக்கி, அடுத்த வீட்டு விருந்தைவிட ஒரு வகை கூடுதலாக வைத்தால்தான் கௌரவம் என்ற போட்டி எங்கிருந்து வந்தது? செல்வந்தரை மட்டும் அழைத்து ஏழையை விட்டுவிடும் வலீமா உணவே மிகக் கெட்டது என்று நபிமொழி எச்சரிக்கிறது. வகைகளைப் பாதியாகக் குறைத்து, அந்தச் செலவில் ஏழைகளை அழைத்தால் நம் உடலுக்கும் நலம், விருந்துக்கும் பரக்கத்.

நோன்பு மாதத்தைப் பற்றியும் ஒரு சொல். பசியை உணர்த்தி உடலையும் உள்ளத்தையும் இலேசாக்க வந்த ரமளானில் நம்மவர் சிலர் எடை கூடி வெளிவருகின்றனர். நோன்புக் கஞ்சியின் மேல் குற்றமில்லை. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் சேர்ந்த நல்லுணவு அது. அதன் பக்கத்தில் வந்து குவியும் சமோசா, வடை, பஜ்ஜி, ரோஸ்மில்க், சர்பத் ஆகியவையே வினை. நாளொன்றுக்குச் சேர்க்கும் சீனி 25 கிராமுக்குள் இருப்பது நலம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு கரண்டி சீனி போட்ட தேநீரை மூன்று முறை அருந்தினாலே அந்த எல்லை வந்துவிடுகிறது. சர்க்கரை நோய்க்கு மருந்து உண்போர் நோன்புக்கு ஓரிரு மாதம் முன்னரே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு இறைவன் தந்த சலுகையை ஏற்பது ஈமானின் குறைவன்று.

எடை குறைய வேண்டும் என்ற ஆசையைக் காசாக்கும் வணிகமும் பெருகியுள்ளது. ஒரே மாதத்தில் பத்துக் கிலோ என்று சுவரொட்டியிலும் அலைபேசியிலும் வரும் பொடிகளையும் தேநீர்களையும் நம்ப வேண்டாம். எடையைக் குறைக்க வாரம் ஒருமுறை போடும் ஊசி மருந்துகள் 2025ஆம் ஆண்டில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தன. அவை மெய்யான மருந்துகளே. ஆயினும் உரிய மருத்துவர் சோதித்து எழுதித் தராமல், நண்பர் சொன்னார் என்று போட்டுக்கொள்வதற்குரியவை அல்ல. பெரும்பாலானோருக்கு முதற்படி எளியது. தட்டில் சோற்றைக் குறைத்து, அவ்விடத்தில் காய்கறியையும் பருப்பையும் மீனையும் கூட்டுவது, இரவுணவை முன்னதாக உண்பது, இனிப்புப் பானங்களை விடுவது, நடப்பது. நம் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே சர்க்கரையும் அழுத்தமும் இறங்கத் தொடங்குகின்றன. 80 கிலோ உடையவருக்கு அது 4 கிலோ மட்டுமே.

ஜமாஅத் பெருமக்களே! இது ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று கலைந்துவிட்டால், அடுத்த ஆண்டும் இதே நிலையே. விருந்தை வகுப்பது ஊர், வழக்கத்தை வகுப்பது ஊர், திடலின் சாவியை வைத்திருப்பதும் ஊர். எனவே நான்கு வேண்டுகோள்களை இச்சபையின் முன் வைக்கிறோம்.

ஒன்று: நம் மத்ரஸாவின் சுற்றுச்சுவர் உள்ள திடலை, நாள்தோறும் ஃபஜ்ருக்குப் பின் ஒரு மணி நேரமும் அஸ்ருக்குப் பின் ஒரு மணி நேரமும் பெண்கள் நடப்பதற்கென்றே ஒதுக்க வேண்டும். அந்நேரத்தில் ஆண்கள் உள்ளே செல்லலாகாது. சாவியைப் பெண்களிடமே கொடுக்க வேண்டும்.

இரண்டு: ஆண்டுக்கு இருமுறை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே, இடுப்பளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைச் சோதிக்கும் முகாமை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் துணையுடன் நடத்த வேண்டும். 2021ஆம் ஆண்டு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கு வந்தால், நலமாகத்தான் இருக்கிறோம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பாமல் சோதித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று: பள்ளிவாசல் இஃப்தாரில் கஞ்சி, பேரீச்சம்பழம், பழவகை, தண்ணீர் என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். பொரித்தவற்றை வழங்க விரும்பும் நல்லுள்ளங்கள் அதே தொகைக்குப் பழம் வாங்கித் தரலாம்.

நான்கு: வலீமா விருந்துக்கு ஒரு சோறு, ஒரு கறி, ஒரு காய்கறி, ஓர் இனிப்பு என்ற வரம்பை ஜமாஅத்தின் பரிந்துரையாகத் தீர்மானத்தில் எழுத வேண்டும். இதை வசதி படைத்த வீடுகள் முதலில் கடைப்பிடிக்க வேண்டும். அப்போதுதான் கடன் வாங்கி விருந்து வைக்கும் வீடு தலைநிமிர்ந்து இதைப் பின்பற்றும்.

இந்நான்கில் முதலாவதற்குச் செலவு எதுவும் இல்லை. தேவைப்படுவது மனம் மட்டுமே. இன்றைய கூட்டம் கலையுமுன் அந்த ஒரு தீர்மானத்தையேனும் நிறைவேற்றித் தருமாறு நிர்வாகப் பெருமக்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு நிறைவான ஷிஃபாவைத் தருவானாக! நம் உணவில் பரக்கத்தையும், உண்பதில் அளவையும், உடலில் வணக்கத்திற்குரிய வலிமையையும் அருள்வானாக! நம் தாய்மாரும் மனைவியரும் மக்களும் நலத்தோடு நீடு வாழ நம்மால் இயன்றதைச் செய்யும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.